சாம்சங் எம்35-ஆ, மோட்டோ எட்ஜ் 50 ஃப்யூஷனா? 23 ஆயிரம் ரூபாய்க்கு எந்த போன் வாங்கலாம்?

திட்டக்குடியில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்கா போன வாரம் போன் பண்ணினார். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. தீபாவளிக்கு முன்னாடி புது போன் வாங்கியாகணும்.

"தம்பி, 23 ஆயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. கடையில ரெண்டு போன் காட்டுறாங்க. சாம்சங் எம்35, மோட்டோ எட்ஜ் 50 ஃப்யூஷன். எதை வாங்க? நாளைக்குள்ள சொல்லு."

நாளைக்குள்ள சொல்ல முடியவில்லை. மூன்று நாள் ஆனது. ஏன் என்றால், இந்த ரெண்டு போனும் ஒரே விலையில் இருக்கும் ரெண்டு எதிர் துருவங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. இதே பட்ஜெட்டில் தீபாவளிக்கு போன் பார்க்கிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள் என்பதால், அக்காவுக்காகத் தேடியதை இங்கே அப்படியே தருகிறேன்.

விலையில் யார் மலிவு?

மோட்டோரோலா எட்ஜ் 50 ஃப்யூஷன் 2024 மே மாதம் இந்தியாவில் அறிமுகமானது. 8 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள மாடலின் அறிமுக விலை 22,999 ரூபாய். 12 ஜிபி ரேம், 256 ஜிபி என்றால் 24,999. சாம்சங் கேலக்ஸி எம்35 5ஜி ஜூலை 17-ல் வந்தது. 6 ஜிபி, 128 ஜிபி மாடல் 19,999 ரூபாய். 8 ஜிபி, 128 ஜிபி 21,499. 8 ஜிபி, 256 ஜிபி 24,299.

பண்டிகை சேலில் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறுகிறது. பேங்க் கார்டு ஆஃபர் தனி. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அறிமுக விலையை வைத்தே பேசுவோம். ஒன்று குறைந்தால் பெரும்பாலும் மற்றதும் குறைகிறது.

பார்த்த உடனே சாம்சங் 1,500 ரூபாய் மலிவு மாதிரி தெரியும். அங்கேதான் ஒரு விஷயம். எம்35 பெட்டிக்குள் சார்ஜர் கிடையாது, வெறும் கேபிள்தான். 25 வாட் சார்ஜரைத் தனியாக வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். மோட்டோவில் 68 வாட் சார்ஜர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆக, வீட்டில் ஏற்கெனவே நல்ல டைப்-சி ஃபாஸ்ட் சார்ஜர் இருந்தால் சாம்சங் மலிவு. இல்லை என்றால் கிட்டத்தட்ட ஒரே விலைதான். அக்கா வீட்டில் இருப்பது பழைய போனின் பழைய சார்ஜர். எனவே விலையை வைத்து முடிவெடுக்க வழியில்லாமல் போனது.

"ஸ்ட்ரைக் நடந்த கம்பெனி ஆச்சே, போன் கிடைக்குமா?" என்று மாமா இடையில் ஒரு கேள்வி போட்டார். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாளுக்குப் பிறகு அக்டோபர் 15-ம் தேதி முடிந்தது. பேச்சுவார்த்தை நடத்திய அமைச்சர்களில் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசனும் ஒருவர். அவர் அப்போது திட்டக்குடி தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தார் என்பதால் ஊரில் இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த ஆலையில் தயாராவது டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். சாம்சங்கின் போன் தொழிற்சாலை நொய்டாவில் இருக்கிறது.

பிராசஸர் சண்டை தேவையா?

தேவையில்லை. எம்35-ல் சாம்சங்கின் சொந்த எக்ஸினோஸ் 1380. மோட்டோவில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 7எஸ் ஜென் 2. பெயர் வேறு என்றாலும் உள்ளே ரெண்டிலும் ஒரே வகை கோர்கள்: நான்கு கார்டெக்ஸ் ஏ78, நான்கு கார்டெக்ஸ் ஏ55. வேகமும் கிட்டத்தட்ட அதேதான். யூடியூப் கமென்ட்டில் இதற்காக மணிக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே, கொஞ்சம் கேம் என்று பயன்படுத்தும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ரேம் மட்டும் கவனியுங்கள். மூன்று, நான்கு வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 6 ஜிபியை விட்டுவிட்டு 8 ஜிபிக்குப் போங்கள். "பிளஸ் வெர்ச்சுவல் ரேம்" என்று கடையில் கூட்டிச் சொல்வார்கள். அது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் இடம், ரேம் ஆகாது.

பேட்டரி: பெரிய குடமா, வேகமான குழாயா?

எம்35-ல் 6,000 எம்ஏஹெச் பேட்டரி. எட்ஜ் 50 ஃப்யூஷனில் 5,000. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். காலையில் நூறு சதவீதத்தோடு கடையைத் திறந்தால், இரவு வீட்டுக்கு வரும்போதும் எம்35-ல் சார்ஜ் மிச்சம் இருக்கும். ரொம்பப் பேசாதவர்களுக்கு ரெண்டாவது நாளும் ஓடும்.

ஆனால் சாம்சங் குடம் பெரிது, குழாய் சின்னது. 25 வாட்டில் 6,000 எம்ஏஹெச் நிரம்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோட்டோ 68 வாட்டில் ஒரு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அரை மணி நேரம் போட்டாலே பாதிக்கு மேல் ஏறிவிடும்.

இது சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. திட்டக்குடிப் பக்கம் கதை வேறு. காற்று மழை என்றால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் வந்த அரை மணி நேரத்தில் போன் ஏறிக்கொள்வது நல்லதா, கரண்ட் போனாலும் கவலைப்படாத அளவுக்கு ஏற்கெனவே சார்ஜ் இருப்பது நல்லதா? ரெண்டுக்கும் நியாயம் உண்டு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் 6,000-மும் தாங்காது, 5,000-மும் தாங்காது. அதற்கு ஒரு பவர் பேங்க்தான் சரி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்த லித்தியம் பேட்டரியும் சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பெரிய பேட்டரியை அடிக்கடி சார்ஜில் போட வேண்டாம் என்பதால் சுற்றுகள் குறைவு, தேய்மானமும் மெதுவாகவே நடக்கும். மூன்றாவது வருஷத்தில்தான் இது தெரியும். இந்தப் பகுதியில் என் ஓட்டு சாம்சங்குக்கு.

தண்ணீர்

அக்காவின் பழைய போன் எப்படிச் செத்தது என்பதைச் சொல்ல வேண்டும். போன வருஷம் கார்த்திகை மழையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும்போது கைப்பைக்குள் இருந்த போன் நனைந்தது. அரிசி டப்பாவில் ரெண்டு நாள் புதைத்து வைத்தார்கள். (தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அரிசி தண்ணீரை உறிஞ்சாது, அதன் தூசுதான் சார்ஜிங் ஓட்டைக்குள் போகும். போனை அணைத்து, சிம் டிரேயை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் காய வைப்பதே மேல்.) மூன்றாவது நாள் ஆன் ஆனது. பத்தாவது நாள் டிஸ்பிளேயில் கோடு. அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஊரில் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி ரெண்டு தடவை போய் வந்தார். "தண்ணி போயிருக்கு, வாரண்டி வராது" என்று சொல்லி, புது போன் விலையில் பாதியைக் கேட்டார்கள். போனில் இருந்த அளவு நோட்டுப் படங்களும் டிசைன் படங்களும் போனது போனதுதான்.

இந்த இடத்தில் மோட்டோ தனியாக நிற்கிறது. எட்ஜ் 50 ஃப்யூஷனுக்கு ஐபி68 சான்று இருக்கிறது. 6 என்றால் தூசு உள்ளே போகாது. 8 என்றால் தண்ணீரில் மூழ்கினாலும் குறிப்பிட்ட நேரம் தாங்கும். மோட்டோரோலா சொல்வது ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 2024-ல் 23 ஆயிரம் ரூபாய் போனில் இது அபூர்வமாக இருந்தது. எம்35-க்கு எந்த ஐபி சான்றும் கிடையாது. சாம்சங்கிலேயே தண்ணீர் தாங்கும் போன் வேண்டும் என்றால், அதே எக்ஸினோஸ் 1380 சிப் உள்ள கேலக்ஸி ஏ35-க்குப் போக வேண்டும். அதற்கு ஐபி67 இருக்கிறது. அறிமுக விலை 30,999.

ஐபி68 என்பதற்காக வெள்ளாற்றில் போனோடு குளிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், அசையாத தண்ணீரில் நடப்பது. சோப்புத் தண்ணீர், கடல் தண்ணீர் கணக்கில் வராது. ஒருமுறை கீழே விழுந்து ஓரத்தில் விரிசல் விட்டால் அந்தப் பாதுகாப்பு அப்போதே போச்சு. முக்கியமாக, ஐபி68 இருந்தாலும் தண்ணீரால் வரும் பழுது பொதுவாக வாரண்டியில் சேராது. மழை, ஈரக் கை, தண்ணீர் வாளி, வயல் சேறு, மக்காச்சோளக் காட்டுத் தூசு, இவற்றுக்குத்தான் இது காப்பு. நம் ஊர்ப் பக்கம் போன் சாவதும் பெரும்பாலும் இதனால்தானே?

ஸ்டோரேஜும் சிம்மும்

தையல் கடைக்காரருக்கு போன் என்பது ஆல்பம். ஒரு நாளைக்கு முப்பது ஜாக்கெட் டிசைன் வாட்ஸ்அப்பில் வரும். 128 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் எடுத்ததுபோக நமக்குக் கிடைப்பது சுமார் 100 ஜிபி.

எம்35-ல் மெமரி கார்டு போடலாம், 1 டிபி வரை. மோட்டோவில் கார்டு கிடையாது. 128 என்றால் கடைசி வரை 128-தான்.

சாம்சங்கில் ஒரு நிபந்தனை உண்டு. அது ஹைப்ரிட் டிரே. ரெண்டு சிம் போடலாம், அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும் போடலாம். மூன்றும் சேர்த்து முடியாது. "கார்டு போடலாம்" என்று கடையில் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். ரெண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு அந்த கார்டு வசதி இருந்தும் இல்லாததுதான். அக்கா 2024 ஜூலை வரை ரெண்டு சிம் வைத்திருந்தார். ஜூலை 3-ம் தேதி ஜியோவின் 155 ரூபாய் பிளான் 189 ஆனது, ஏர்டெல்லின் 179 ரூபாய் பிளான் 199 ஆனது. "ரெண்டுக்கும் அழ முடியாதுடா" என்று ஒன்றை விட்டுவிட்டார். எனவே அவருக்கு ஒரு ஸ்லாட் காலி.

எத்தனை வருஷம் ஓடும்?

பெட்டியில் பெரிய எழுத்தில் போடாத, ஆனால் ரொம்ப முக்கியமான விஷயம் இது. ரெண்டு போனும் ஆண்ட்ராய்டு 14-ல் வந்தவை. எம்35-க்கு சாம்சங் நான்கு ஆண்ட்ராய்டு அப்டேட், ஐந்து வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்ட்ராய்டு 18 வரை, 2029 வரை. மோட்டோ தருவது மூன்று ஆண்ட்ராய்டு அப்டேட், நான்கு வருஷம் செக்யூரிட்டி. ஆண்ட்ராய்டு 17 வரை, 2028 வரை. அதுவும் மோட்டோவின் அப்டேட் தாமதமாகத்தான் வரும் என்பது பழைய குறை.

அப்டேட் இல்லை என்றால் என்ன ஆகும்? போன் நின்றுவிடாது. ஆனால் சில வருஷம் கழித்து பேங்க் ஆப்களும் யுபிஐ ஆப்களும் பழைய ஆண்ட்ராய்டில் ஓட மறுக்கும். ஓட்டைகள் அடைபடாத போனில் பணம் வைத்திருப்பதும் சரியல்ல. அதே நேரம், வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை" என்றும் "பேங்க் கேஒய்சி" என்றும் வரும் ஏபிகே ஃபைலை நாமே இன்ஸ்டால் பண்ணினால் எந்த அப்டேட்டும் காப்பாற்றாது. பணம் போனால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு.

கையில் பிடித்தால்?

எம்35 தடிமன், 222 கிராம். எட்ஜ் 50 ஃப்யூஷன் 175 கிராம். கையில் வாங்கிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்க்கும்போது மூக்கில் விழுந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

மோட்டோவின் திரை ஓரத்தில் வளைந்தது, 144 ஹெர்ட்ஸ், பார்க்க அழகு. ஆனால் வளைந்த திரைக்கு நம் ஊர்க் கடைகளில் ஒட்டும் சாதாரண டெம்பர்ட் கிளாஸ் ஓரத்தில் உட்காராது. பசை ஊற்றி ஒட்டும் வகை வேண்டும், அதற்குச் செலவு கூட. எம்35-ன் திரை தட்டையானது, 120 ஹெர்ட்ஸ், எந்தக் கடையிலும் கிளாஸ் ஒட்டலாம். அதன் கண்ணாடியும் கொரில்லா கிளாஸ் விக்டஸ் பிளஸ். மோட்டோவில் இருப்பது அதைவிடப் பழைய கொரில்லா கிளாஸ் 5. கீழே போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு சாம்சங் தோது.

கேமராவில் ரெண்டிலும் மெயின் 50 மெகாபிக்சல், ரெண்டிலும் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் உண்டு. வைட் கேமரா மோட்டோவில் 13, சாம்சங்கில் 8. மோட்டோவில் அந்த வைட் கேமராவே துணியின் நூல் வேலையைக் கிட்டப்போய் எடுக்கவும் உதவும். சாம்சங்கில் அதற்கென்று இருக்கும் 2 மெகாபிக்சல் கேமரா பேருக்குத்தான். செல்ஃபி மோட்டோவில் 32, சாம்சங்கில் 13. இந்தச் சுற்று மோட்டோவுக்கு. ரெண்டு போனிலும் ஹெட்போன் ஓட்டை கிடையாது.

5ஜி ரெண்டிலும் உண்டு. ஆனால் 2024 ஜூலையில் ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜியைத் தினம் 2 ஜிபி மற்றும் அதற்கு மேற்பட்ட பிளான்களுக்கு மட்டும் என்று மாற்றின. சின்ன பிளான் போட்டுவிட்டு "5ஜி போன்தானே, டேட்டா ஏன் தீர்ந்துபோச்சு?" என்று போனைத் திட்டாதீர்கள்.

அக்காவுக்கு என்ன சொன்னேன்?

பேட்டரி, மெமரி கார்டு, அப்டேட், தட்டையான கண்ணாடி. நாலும் சாம்சங் பக்கம். அதனால் எம்35, 8 ஜிபி மாடல் வாங்கு, ஒரு சார்ஜர் சேர்த்துக்கோ என்றேன். காரணம் எல்லாம் விளக்கினேன். 2029 வரை கவலை இல்லை என்றேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"சரிடா. அஞ்சு வருஷம் அப்டேட் வரும். அஞ்சு மழைக்காலமும் வருமே? போன் உசுரோட இருந்தாத்தானே அப்டேட்டு?"

என்னிடம் பதில் இல்லை. இதுவரை அக்கா இழந்த போன் பேட்டரியால் போகவில்லை, அப்டேட் இல்லாமலும் போகவில்லை. தண்ணீரால் போனது. அவர் வீடு, கடை, மாமாவின் மக்காச்சோளக் காடு என்று அந்தப் போன் போகும் இடமெல்லாம் ஈரமும் மண்ணும். கார்டு இல்லையே, படத்துக்கு என்ன பண்ணுவாய் என்று கேட்டேன். "தைச்சுக் குடுத்ததும் அழிச்சிடுவேன், எதுக்கு சேத்து வைக்கணும்?" என்றார். சார்ஜர் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் 22,999-க்கு மேல் செலவும் இல்லை. 23 ஆயிரத்தில் ஒரு ரூபாய் மிச்சம்.

ஆகவே என் தீர்ப்பை நானே இப்படித் திருத்திக்கொள்கிறேன். ஆபீஸ், கடை, வீடு என்று கூரைக்குள் இருக்கும் போன் என்றால் எம்35. அப்பா, அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்து ஐந்து வருஷம் மறந்துவிட நினைப்பவர்களுக்கும் அதுதான். வயல், மழை, பைக், சமையலறை என்று வெளியே அலையும் போன் என்றால் எட்ஜ் 50 ஃப்யூஷன். தினமும் பஸ்ஸில் விருத்தாசலம் காலேஜுக்குப் போய்வரும் பிள்ளைகளுக்கும் எடை குறைவு, செல்ஃபி, சீக்கிரம் ஏறும் சார்ஜ் என்று மோட்டோதான் பிடிக்கும்.

வாங்குவதற்கு முன்னாடி

எந்தப் போனாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பின்கோடு போட்டு, பக்கத்து சர்வீஸ் சென்டர் எங்கே என்று பாருங்கள். திட்டக்குடி கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடி, மாவட்டத் தலைநகரோ கடலோரம். விருத்தாசலமா, பெரம்பலூரா, கடலூரா என்பதைப் பொறுத்து, பழுது பார்க்க நீங்கள் செலவழிக்கப் போவது ரெண்டு மணி நேரமா, ஒரு நாள் வருமானமா என்பது மாறும். கடைக்காரர் "நாங்களே அனுப்பி வாங்கித் தர்றோம்" என்று சொன்னால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பில் கட்டாயம். போனுக்கு 18 சதவீத வரி ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. "பில் இல்லாம ஐநூறு குறைக்கிறேன்" என்றால் வேண்டாம், வாரண்டிக்கு அந்தப் பில்தான் சாட்சி. போனில் *#06# டயல் பண்ணினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் பில், பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு மெசேஜ் அனுப்பினால் அது எந்த மாடல் என்ற விவரம் வரும். பில்லைப் படம் எடுத்து வேறு ஒருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பிளாக் பண்ண அந்த எண் வேண்டும்.

இஎம்ஐயில் வாங்குகிறவர்கள், "நோ காஸ்ட்" என்றாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் வருமா என்று கேளுங்கள். ஒரு தவணை தவறினாலும் சிபில் ஸ்கோரில் ஏறும்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் ஜிபே, போன்பே, பேங்க் ஆப்களிலிருந்து வெளியேறி, கூகுள் அக்கவுன்ட்டை எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் போட்ட பிறகே கையை விட்டுக் கொடுங்கள். அக்காவின் பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்சில் 400 ரூபாய் சொன்னார்களாம். கொடுக்க மனசில்லாமல் பொண்ணுக்கு அலாரம் வைக்கக் கொடுத்துவிட்டார். டிஸ்பிளேயில் கோடு இருக்கிறது, ஆனால் மணி சரியாக அடிக்கிறதாம்.